புளி போட்டுத் தேய்த்த தோட்டாக்கள்

ஹப்சிகுடாவில் குடியிருந்தபோது என் கணவர் வீட்டிலேயே தோட்டா தயாரித்தார். ரைபிள் கிளப்பில் சுட்டுப்போட்ட காலிக் கூடுகளைப் பொறுக்கி வந்து, திரும்ப மருந்து நிரப்புவார். கடையில் புதுத் தோட்டா வாங்குகிறவன் முட்டாளாம். அந்தப் பித்தளைக் கூடுகளைக் குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் தேய்த்தவள் நான்.

"உள்ள ஈரம் இருக்குங்க, இன்னும் காயட்டும்."

"உனக்கு என்னடி தெரியும்?"

கிளப் போட்டியன்று அத்தனை பேர் முன்னால் விசையை இழுத்தார். வெடிக்கவில்லை. அடுத்ததும் நமுத்த பட்டாசுதான். பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த, முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர், "காய்கு பரேஷானி, சாப்? யே லேலோ" என்று, எதற்குக் கவலை, இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதாகத் தன் தோட்டாப் பெட்டியை நகர்த்தினார். இவர் நன்றிகூடச் சொல்லாமல் எடுத்துச் சுட்டார். கோப்பை இவருக்குக் கிடைத்தது. வெறுங்கையோடு நின்ற பெரியவர் சிரித்துக்கொண்டே கைதட்டினார்.

சாயங்காலம் வந்தவர்களிடமெல்லாம், "எல்லாம் என் கையால செஞ்ச தோட்டா" என்றார் என் கணவர். அவரைக் கெட்டிக்காரர் என்று நான் நம்பியது அன்றோடு சரி.

அந்தக் கோப்பையும் பித்தளைதான். ஷோகேஸில் களிம்பேறிக் கிடக்கிறது. தேய்க்கச் சொல்லி அவரும் அலுத்துவிட்டார். இப்போதெல்லாம் குழம்புக்கு மட்டும்தான் நான் புளி கரைக்கிறேன்.