காதுக்கருவிக்குள் பிறந்த இரைச்சல்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருஷம் குடியுரிமை கேட்டு மலாக்கா டவுனில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் காத்திருந்தேன். அதிகாரி மலாயில் கேட்பார். மலாயிலேயே பதில் சொல்ல வேண்டும். மொழி எனக்குப் பயமில்லை. நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கில் பக்கத்து வீடு, தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன செட்டி குடும்பம். அவர்கள் வீட்டுக்குள்ளேயே மலாய்தான். பயமெல்லாம் காதைப் பற்றித்தான். ரப்பர் ஆலை இயந்திரங்களுக்கு நடுவே நின்று நின்று காது மந்தமாகிவிட்டது.

சட்டைப்பையில் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த காதுக்கருவி இருந்தது. சின்னத் தகரப்பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர், உள்ளே டிரான்சிஸ்டர். காலையில் நன்றாகக் கேட்கும். வெயில் ஏறினால் சட்டியில் மீன் பொரிவதுபோல இரைச்சல். ரேடியோ கடைச் சீனர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சத்தம் வெளியிலிருந்து வரவில்லை. டிரான்சிஸ்டருக்குள்ளேயே பிறக்கிறது. சூடு கூடினால் அதுவும் கூடும். பழுதே இல்லை, எதை நான் சரிசெய்வது?"

காத்திருந்த வராந்தாவில் நேர் வெயில். இரைச்சல் ஏறிக்கொண்டே போனது.

"என்னங்க, கேக்குதா?" மனைவியின் உதடு அசைந்தது.

"கேக்குது" என்றேன். பொய்.

அவள் மலாக்காவிலேயே பிறந்தவள். அவளுக்கும் பிள்ளைகளுக்கும் சிக்கலில்லை. மறுத்துவிட்டால் வீட்டில் நான் மட்டும் வெளிநாட்டுக்காரன்.

உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி ஏதோ கேட்டார். பொரிகிற சத்தத்துக்கு நடுவே 'பெராப்பா', அதாவது 'எத்தனை', என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்தது. பிள்ளைகளைக் கேட்கிறார் என்று நினைத்து, "தீகா" என்றேன். மூன்று.

அவர் புருவம் சுருங்கியது. பேனாவைக் கீழே வைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார்! மூன்று வருஷம் போதாது.

"செக்கெஜாப், துவான்." ஒரு நிமிஷம், ஐயா. பெட்டியை வெளியே எடுத்துக் காட்டினேன். சூட்டில் இதற்குள் இரைகிறது, காது கேட்கவில்லை என்றேன். அவர் மேசையில் ஐஸ் தண்ணீர் ஒரு கிளாஸ் இருந்தது. "இதில் கொஞ்சம் சாய்த்து வைக்கட்டுமா?"

அவர் என்னையே பார்த்தார். விரட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். ஈரம் படாமல் கைக்குட்டையில் சுற்றிச் சாய்த்து வைத்தேன். அவர் வேறு காகிதங்களைப் புரட்டினார். பின்னால் நின்றவர்கள் முனகியிருப்பார்கள்; எனக்கு இரைச்சல் மட்டும்தான். மெல்ல, மிக மெல்ல, அது அடங்கியது. மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

அவர் மறுபடி கேட்டார். ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. வயசுப் பிள்ளையாகக் கப்பலில் வந்தது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவை எடுத்தார்.

வெளியே வந்து, "கிடைச்சிருச்சு" என்றேன். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு வீடு வரை பேசிக்கொண்டே வந்தாள். கருவி மறுபடி இரைந்ததால் அணைத்துவிட்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தெரு முழுவதற்கும் விருந்து வைக்கச் சம்மதித்திருக்கிறேன் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது.