தண்ணீர்த் தாங்கியின் உயரம்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகில் இருந்த அந்த வீட்டுக்கு நான் கலியாணம் முடித்து வந்தபோது, குளிப்பதென்றால் கிணற்றடிதான். மூன்று பக்கமும் தென்னோலைக் கிடுகு மறைப்பு, நாலாவது பக்கம் அடுத்த வீட்டு மதில். மேலே வெறும் வானம். அது எனக்குப் பிடித்துமிருந்தது.

அடுத்த வீட்டுக்காரர் துறைமுகக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். என் கணவர் அவருக்குக் கீழே கிளாக்கர். எங்களுக்கு மகள் பிறந்த வருஷம் அவர் தன் வீட்டுக்கு மேல்மாடி எடுத்து, எங்கள் பக்கமாகப் பெரிய யன்னல் வைத்தார். துறைமுகம் பார்ப்பதற்கு என்று எல்லோருக்கும் சொன்னார். யன்னலடியில் ஒரு சாய்மனைக்கதிரையும் போட்டுக்கொண்டார்.

ஒரு நாள் தலைக்கு வார்த்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்டுவிட்டேன் என்று தெரிந்தும் விலகவில்லை.

என் கணவர் போய்ப் பணிவாகத்தான் கேட்டார். திரும்பி வந்து, அவர் சொன்னதை அப்படியே சொன்னார்.

"என்ர வீட்டு யன்னல். உம்மட மனுசியை மேல பாக்காமல் குளிக்கச் சொல்லும்."

சொல்லிவிட்டுச் சோறு போடச் சொன்னார். என் கணவருக்குத் தன் வேலை போய்விடுமோ என்ற பயம். நான் சோற்றைப் போட்டேன்.

அதன்பிறகு அந்த மனுசன் வேலைக்குப் போனபின்தான் கிணற்றடிக்குப் போவேன். லீவு நாட்களில் முகம் கழுவுவதோடு சரி. மேலே கிடுகு வேய்ந்து பார்த்தோம், கச்சான் காற்று பிய்த்துக்கொண்டு போனது. மாரோடு கட்டிய குறுக்குக்கட்டின் மேல் இன்னொரு சேலையைச் சுற்றிக்கொண்டு, குனிந்தபடியே வார்ப்பேன். ஒவ்வொரு வாளிக்கும் அவருக்கு ஒரு பதிலை மனதுக்குள் சொல்லுவேன். எல்லாம் நல்ல பதில்கள்.

மகள் பெரியபிள்ளையானாள். அவர் அப்போது ஓய்வு பெற்று, பகல் முழுதும் அந்தக் கதிரையிலேயே கிடந்தார். குளியலறை கட்டியே ஆகவேண்டும் என்றேன். இனிப் பயப்பட ஒன்றுமில்லாததால் என் கணவரும் தலையாட்டினார். குசினிச் சுவரோடு ஒட்டிக் கட்டினால் குழாய்ச் செலவு குறையும் என்றார். மேசனும் அதையே சொன்னார். பிளானை நான்தான் கீறுவேன் என்று சொல்லிவிட்டேன்.

கீறுவதற்கு முன் ஒரு வேலை இருந்தது. யேசு பிறந்த நத்தாருக்குச் சுட்ட பலகாரத்தைத் தட்டில் வைத்து மூடிக்கொண்டு, அந்த மனுசன் வெளியே போன நேரமாகப் பார்த்து அடுத்த வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி அதிகம் கதைக்காத, மெலிந்த மனுசி. மாடியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். மறுபேச்சில்லாமல் கூட்டிக்கொண்டு போனா.

நேரே போய் அந்தக் கதிரையில் சாய்ந்தேன். துறைமுகம் அகலமாகக் கிடந்தது. நங்கூரம் போட்ட கப்பல்கள், அக்கரை மலைகள். பார்வையைக் கொஞ்சம் தாழ்த்தினேன். எங்கள் துவைகல் தெரிந்தது. அதன்மேல் சவர்க்காரம் தெரிந்தது, அதன் பச்சை நிறம்கூட. மகள் காலையில் தலை துவட்டிவிட்டு மறந்துபோன துவாய் தெரிந்தது.

எழும்பாமலே கண்ணால் அளக்கத் தொடங்கினேன். அங்கிருந்து பார்க்க எங்கள் முருங்கையின் எந்தக் கிளை கடலை மறைக்கும் உயரத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

"வடிவாப் பாத்திட்டீங்களே?" என்று அவருடைய மனைவி பின்னாலிருந்து கேட்டா.

"ஓம்" என்றேன்.

கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவில், அந்த யன்னலுக்கு நேரெதிரே குளியலறையைக் கீறினேன். அதன்மேல் தூண்கள், தூண்களின்மேல் அந்த முருங்கைக் கிளை உயரத்துக்குத் தண்ணீர்த் தாங்கி. ஒரு குழாய்க்கு இவ்வளவு உயரம் எதற்கு என்று மேசன் கேட்டார். தண்ணீர் விசையாக வரவேண்டும் என்றேன். சீமெந்துக்குத் தட்டுப்பாடான காலம். கிடைக்கக் கிடைக்கத்தான் வேலை நடந்தது. என் கணவர் சலித்துக்கொண்டார், எனக்கு அவசரமே இருக்கவில்லை. கதிரையில் இருந்தபடியே அந்த மனுசன் தன் கடல் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். கிணற்றடியில் நின்று, தலையை நிமிர்த்தி, அவரைப் பார்த்தேன். அவர்தான் முகத்தைத் திருப்பினார்.

தூண்கள் எழும்பியதும் எங்கள் கேற்றடிக்கு வந்தார்.

"தங்கச்சி, கடலை மறைக்கப் போகுது. கொஞ்சம் தள்ளிக் கட்டினால் என்ன? எனக்கு வேற என்ன பொழுதுபோக்கு?"

அத்தனை வருஷமும் வாளிக்கு வாளி சேர்த்த பதில்களில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஏலாது" என்றேன்.

அவர் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றார். நான் கேற்றைச் சாத்தினேன்.

நகரசபைக்கு முறைப்பாடு கொடுத்தார். வந்து அளந்தவர் எல்லாம் எங்கள் எல்லைக்குள்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். தாங்கி ஏறிய பிறகு கதிரை கீழே இறங்கி வீதிப் பக்கம் போனது. அங்கே லொறிப் புழுதியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருப்பார். மகள் பட்டப்பகலில் கதவைப் பூட்டிக்கொண்டு, தாங்கி வற்றும்வரை பாட்டுப் பாடிக் குளித்தாள். ஒரு நாளும் நான் ஏசியதில்லை.

மதிலுக்கு அப்பாலிருந்து இந்தக் கதை மாதா கோயிலுக்கும் போயிருக்க வேண்டும். அயலாரோடு சமாதானமாகப் போகும்படி பங்குச் சுவாமி என்னிடம் சொன்னார். ஓம் என்று கேட்டுக்கொண்டேன். பெரிய வியாழனுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனபோது மகளை அடித்தது, பொய் சொன்னது, பூசைக்குப் பிந்தியது எல்லாம் சொன்னேன். தாங்கியைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவுமில்லை.