கோகிலாம்பாளின் கிட்டங்கி

வெள்ளத்துரை சரக்கு அடைக்கும் பருத்திக் கிட்டங்கியில் நாலு சுவரையும் பருத்தியையும் தூசியையும் தவிர ஒன்றும் கிடையாது. அதில் என்ன சொர்க்கத்தைக் கண்டாளோ அவர் பெண்டாட்டி கோகிலாம்பாள். அருப்புக்கோட்டையில் பேர்போன கமிஷன் கடைக்காரரின் சம்சாரம், மூன்று பிள்ளை பெற்றவள். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள். இவள் கெட்டால் கிட்டங்கிதான்.

பங்குனியில் பருத்தி அம்பாரம் பரணுக்கு ஓர் ஆள் உயரம் கீழே வரைக்கும் ஏறிவிடும். மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போனதும், அடுத்த வீட்டுச் செல்லக்கிளியை இழுத்துக்கொண்டு போவாள். சேலையை இழுத்துச் செருகி, பரணில் ஏறி, கண்ணை மூடித் தொப்பென்று குதிப்பாள்.

"ஏடி, நீயும் குதி. பல்லக்குல போனாலும் இந்தச் சொகம் வராது."

செல்லக்கிளியும் குதிப்பாள். இடுப்பளவு பருத்திக்குள் கிடந்து இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். பதினோரு வருஷம். ஈ காக்காய்க்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தார்கள்.

எழுபத்தொன்றாம் வருஷக் கார்த்திகையில், மூன்றே நாள் காய்ச்சலில் கோகிலாம்பாள் போய்விட்டாள். செல்லக்கிளிக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். சொல்லாமல் கொள்ளாமல் போனால் கோபம் வராதா?

பங்குனி வந்தது. அம்பாரமும் ஏறியது. ஒரு நாள் கடை ஆள் சங்கையா, "சாயங்காலம் லாரி வருது, மொத்தமும் லோடு" என்றான். ஒரு குதி கூடக் குதிக்காமல் இந்த வருஷப் பருத்தி போவதா? செல்லக்கிளிக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி வீடு நாலு கடை தள்ளி. யார் கண்ணிலாவது பட்டால் மானம் கப்பலேறிவிடும். தெரிந்தேதான் பரணில் ஏறினாள்.

குதித்தாள். தலை கிறுகிறுத்தது. சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது, கூடவே அழுகையும். இரண்டையும் சேர்த்தே தீர்த்துவிட்டுக் கண்ணைத் திறந்தால், வாசலில் வெள்ளத்துரை நிற்கிறார்.

"அண்ணாச்சி... கம்மலத் தொலைச்சிட்டேன். அதான் தேடுறேன்."

இரண்டு கம்மலும் காதிலேயே மின்னின. அவர் பார்வை அம்பாரத்தில் விழுந்திருந்த குழிமேல் இருந்தது.

"மத்த கடையில ஆளுக இருந்த எடத்துலயே சாப்பிடுறாக. நான் மட்டும் எதுக்கு வீட்டுக்கு அனுப்புறேன்னு நெனைச்ச, தங்கச்சி? வருசா வருசம் ரெண்டு குழி கெடக்கும். பாத்துட்டுப் பேசாமப் போயிருவேன். இந்த வருசம் ஒண்ணுதான் கெடக்கு."

பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டார்.

"தள்ளிக்கோ, தங்கச்சி" என்று சொல்லி ஏணியில் ஏறினார்.