நெம்மேலி வீட்டுச் சனிக்கிழமைகள்

போன வாரம் எங்கள் அடுக்ககத்தின் கீழே தண்ணீரைப் பற்றி ஒரு பேச்சு நடந்தது. குழாய்த் தண்ணீர் ஏன் சப்பென்று இருக்கிறது என்று கீழ்வீட்டுக்காரர் கேட்டார். வால்வு திறக்க வருகிறவர், "இது நெம்மேலி தண்ணி சார். கடல் தண்ணிய சுத்தம் பண்ணி அனுப்புறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மாடிக்கு வந்து காபிக்குத் தண்ணீர் பிடித்தவள், அடுப்பைப் பற்றவைக்க மறந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். நெம்மேலிக் கடலை எனக்குத் தெரியும். அதன் உப்பு எத்தனையோ சனிக்கிழமைகளில் என் சேலை ஓரத்தில் காய்ந்திருக்கிறது. அந்த ஊரில் ஒரு வீட்டுக்கு ஏழெட்டு வருஷம் போய் வந்தேன். விசுவாசம் என்று இன்று என்னிடம் உருப்படியாக ஏதாவது இருந்தால், அதில் பாதியாவது அங்கே கிடைத்தது.

எப்படிப் போகத் தொடங்கினேன் என்பதைச் சொன்னால் என் மரியாதை கொஞ்சம் குறையும். பரவாயில்லை, உங்களிடம்தானே.

தொண்ணூறுகளின் நடுவில் நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து செங்கல்பட்டுக்கு வந்தேன். கோர்ட்டுக்கு அருகே ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை, பெண்கள் விடுதியில் கட்டில். கை, மூக்கு, சில நாள் நெற்றி என்று எல்லா இடத்திலும் கார்பன் மை. இன்றைக்கும் அந்த வாசனை எங்காவது வந்தால் எனக்கு வக்கீல் நினைவுக்கு வருவதில்லை, கோயில் பாட்டுதான் வருகிறது. பாடகர் குழுவுக்கான பாட்டுகளை ஆபீஸ் மெஷினில் நான்தான் கார்பன் வைத்து ஆறு பிரதி அடிப்பேன். ஆறாவது பிரதியில் எழுத்தே தெரியாது. குழுவில் மூத்தவரான விக்டோரியா அக்காவுக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம் என்பதால் அதை அவர் எடுத்துக்கொள்வார்.

"நல்ல பிள்ளைகளோட சேரு" என்று அம்மா கடிதத்துக்குக் கடிதம் எழுதுவாள். கோயில் பாடகர் குழுவில் சேர்ந்துவிட்டேன் என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. பாடகர் குழுவைவிட நல்ல பிள்ளைகள் வேறு எங்கே இருக்கப் போகிறார்கள்?

கெட்டவர்கள் இல்லைதான். எனக்கு டைபாய்டு வந்தபோது விக்டோரியா அக்கா பதினைந்து நாள் விடுதிக்குக் கஞ்சி கொண்டுவந்தார். அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் சனிக்கிழமை மாலை பயிற்சி முடிந்ததும் கோயில் வராண்டாவில் உட்கார்ந்து 'ஜெபக் குறிப்பு' என்று ஒன்று நடக்கும். அக்கா குரலைத் தாழ்த்துவார். "வெளிய சொல்லாதீங்க. ஜெபத்துக்குத்தான் சொல்றேன்." யார் வீட்டில் சண்டை, யார் மகன் குடிக்கிறான், எந்தப் பெண்ணுக்கு ஏன் வரன் தட்டிப்போகிறது, எல்லாம் வரும். கேட்டுவிட்டுக் கண்ணை மூடி உண்மையாகவே ஜெபிப்போம். நாங்கள் சொல்லித்தான் ஆண்டவருக்கு அந்த விஷயம் தெரியவேண்டும் என்பதுபோல அவ்வளவு விவரமாக ஜெபிப்போம்.

ஊருக்குப் புதியவளான என்னிடம் குறிப்பு எதுவும் இல்லை. சும்மா ஆமென் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அது ஒரு குறையாகவே இருந்தது.

அப்போது ஊரிலிருந்து சித்தி மகள் வந்தாள். அவளை மாமல்லபுரம் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பும் வழியில் பஸ் ஜன்னலிலிருந்து ஸ்டெல்லாவைப் பார்த்தேன். ஸ்டெல்லா செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், எங்கள் கோயிலில் ஞாயிறு பள்ளி டீச்சர், இன்னும் கல்யாணம் ஆகாதவர். ஒரு ஆணின் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு வயர்கூடை. அவ்வளவுதான் நான் பார்த்தது.

அந்தச் சனிக்கிழமை நானும் குரலைத் தாழ்த்தினேன். எல்லோரும் என் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அந்தச் சாய்வு தந்த சந்தோஷத்தில், சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள் என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டேன். கடைசியில், "ஸ்டெல்லா அக்காவுக்காக ஜெபிச்சுக்கிடுங்க" என்று முடித்தேன். ஜெபித்தோம்.

மூன்றே வாரம். "கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கோம்மா" என்று ஆயர் ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். ஞாயிறு பள்ளி வேறு ஒருவர் கைக்குப் போனது. ஸ்டெல்லா கோயிலுக்கு வருவதை நிறுத்தவில்லை. கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்வார்.

எங்கள் பாடகர் பெஞ்சு சபையைப் பார்த்துத்தான் இருக்கும். பாடும்போது எல்லோர் முகமும் தெரியும். ஒரு ஞாயிறு, பாட்டு நடக்கும்போது அவர் வகுப்பில் இருந்த ஆறு வயதுக் குட்டி ஒன்று, தான் வரைந்த படத்தைத் தூக்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்கு ஓடினாள். அவள் அம்மா எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல், பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். படம் ஸ்டெல்லாவின் கையிலேயே நின்றுவிட்டது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடித்து வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு அடுத்த அடி வாயில் வரவில்லை. பக்கத்தில் பாடியவள் என் விலாவில் இடித்தாள்.

உடனே ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஒரு மாதம் ஆயிற்று. ஒரு நாள் ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, டியூட்டி முடிகிற நேரத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். அவர் குடையை விரித்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, அந்தப் பேச்சு என்கிட்ட இருந்துதான் கிளம்புச்சு" என்றேன்.

"தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு பஸ்ல உன்னைப் பாத்தேனே. கைகூட ஆட்டினேன். நீயும் ஆட்டின."

ஆமாம். அவர் கை ஆட்டினார், நானும் ஆட்டினேன். ஒளிந்து போகிறவர் யாராவது கை ஆட்டுவாரா? பாடகர் குழுவிடம் சொன்னபோது நான் அதை விட்டுவிட்டேன். இப்போது உங்களிடம் சொல்லும்போதும் விட்டுத்தான் சொன்னேன், பாருங்கள். பழைய பழக்கம் இன்னும் போகவில்லை.

அவர் திட்டவில்லை. "வர்ற சனிக்கிழமை லீவா? என்னோட வா" என்றார். சனிக்கிழமை பாட்டுப் பயிற்சி உண்டு. வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்கிருந்து இன்னொரு பஸ். நெம்மேலியில் இறங்கி சவுக்குத் தோப்புக்குள் நடந்தோம். காலடியில் சவுக்கு இலை மெத்தையாகக் கிடந்தது. தோப்பு முடியும் இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட இரண்டு அறை வீடு. வாசலில் அந்த பைக். அதன் பக்கத்தில், அந்த ஆள், ஒரு தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப்போட்டு அதற்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணன். கூடப் பொறந்தவரு" என்றார் ஸ்டெல்லா.

பெயர் சாமுவேல். கேளம்பாக்கம் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டவர். நூர்ஜஹான் என்று பெயர். இரண்டு வீடும் கதவைச் சாத்திவிட்டன. ஸ்டெல்லாவின் அப்பா மதுராந்தகத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார், அந்த ஊர்ச் சபையில் பெரிய மனிதர். மகன் பெயரை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று உத்தரவு. மாதத்துக்கு ஒரு முறை ஸ்டெல்லா அவருக்குத் தெரியாமல் போய்வந்துகொண்டிருந்தார். யாரோடு பைக்கில் போனாய் என்று ஆயர் கேட்டபோது அவர் வாயைத் திறக்காததற்குக் காரணம் அதுதான்.

நான் செய்த காரியம் அண்ணனுக்கும் தெரிந்திருந்தது. வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "இன்னாம்மா அங்கியே நின்னுகினு கீற? உள்ள வா, வெயிலு" என்றார். நூர்ஜஹான் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

சாப்பிடும்போது பேச்சு கோயிலுக்குத் திரும்பியது. என் மேல் இருந்த பழியைக் கொஞ்சம் பங்கு போடலாம் என்ற எண்ணமோ என்னவோ, "எல்லாம் அந்த விக்டோரியா அக்கா பழக்கி விட்டதுதான். அவங்க வீட்லயே என்ன நடக்குன்னா" என்று ஆரம்பித்தேன். நூர்ஜஹான் மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே, "அவங்க இங்க இல்லியே. வேற பேசலாம்" என்றார். கண்டிக்கிற குரலே இல்லை. குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தவா என்று கேட்பதுபோலத்தான் இருந்தது. உடனே குழம்பும் ஊற்றினார்.

வேறு பேச எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் உண்மை. இருபத்துநாலு வயதில், ஊரார் கதையை எடுத்துவிட்டால் என்னிடம் பேச்சே இல்லை என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

சாப்பிட்டு எழுந்த பிறகும் நான் சும்மா இருப்பதைப் பார்த்து, "கோயில்ல பாடுவியாமே. ஒண்ணு பாடேன்" என்றார் அண்ணன். ஆராதனைத் தொடக்கத்தில் பாடுகிற பழைய பாட்டு ஒன்றை எடுத்தேன். இரண்டாவது அடியில், தலையை நிமிர்த்தாமல், கையில் செம்புக் கம்பியோடு, அவர் அடிக்குரலில் சேர்ந்துகொண்டார். அப்பாவின் சபையில் அவர் பாடகராக இருந்தவராம். நாலு வருஷமாகப் பாடவில்லையாம். ஸ்டெல்லா எழுந்து வெளியே போய்விட்டார். நூர்ஜஹான் முடியும்வரை கேட்டுவிட்டு, தன் தொழுகைக்கு நேரமாயிற்று என்று உள்ளே போனார்.

திங்கட்கிழமை ஆயரிடம் போனேன். "ஸ்டெல்லா அக்கா மேல தப்பு ஒண்ணுமில்ல ஐயா, தப்பு எங்கிட்டதான்" என்றேன்.

"அப்போ அந்த ஆளு யாரும்மா?"

"எனக்குத் தெரியும் ஐயா. சொல்லமாட்டேன்."

தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் வைத்துக்கொண்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பிறகு பாடகர் குழுவிலும் அதையே சொன்னேன். ஒருவரும் சண்டை போடவில்லை. ஆனால் அதன் பிறகு நான் வந்தால் ஜெபக் குறிப்பு சீக்கிரம் முடிந்துவிடும். கொஞ்ச நாளில் நானே விலகிவிட்டேன். ஸ்டெல்லாவுக்கு வகுப்பு திரும்பக் கிடைக்க அடுத்த ஜூன் ஆயிற்று. அதுவும் எல்லாப் பிள்ளைகளும் வரவில்லை. நான் உடைத்ததில் சில துண்டுகள் ஒட்டவே இல்லை.

ஆனால் சனிக்கிழமைகள் எனக்குக் கிடைத்தன. மாதம் ஒன்று என்பது இரண்டாகி, பிறகு எல்லா வாரமும் ஆனது. அங்கே யாரும் எனக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. மீன் ஆய்ந்தோம், மோட்டார் பழுதுபார்த்தோம், நூர்ஜஹானின் தையல் துணிக்குக் காஜா எடுத்தோம். சாப்பாட்டுக்கு முன் அண்ணன் ஜெபம் செய்தால் நாலே வரிதான். தன்னை உதறிவிட்ட அப்பாவின் மூட்டுவலிக்காக ஒரு வரி அதில் எப்போதும் இருக்கும். வலிக்காக மட்டும். அவர் செய்ததைப் பற்றி ஒரு சொல் வராது. அதை வாராவாரம் கேட்டுக் கேட்டு, என் ஜெபமும் என்னை அறியாமல் சுருங்கிவிட்டது. அவர்கள் வீட்டில் இரண்டு வேதமும் இரண்டு அலமாரித் தட்டில் இருந்தன. எனக்கு முதலில் அது குழப்பமாக இருந்தது. பிறகு, என் வேதத்தை நானே ஒழுங்காகப் படித்தால் போதும் என்று தோன்றிவிட்டது.

அவர்களுக்குப் பெண் பிறந்தபோது ஸ்டெல்லா தைரியமாக அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஆறு மாதம் அப்பா ஸ்டெல்லாவோடும் பேசவில்லை. பிறகு ஒரு நாள் பெரியவர் முன்னறிவிப்பு இல்லாமல் நெம்மேலிக்கு வந்து நின்றார். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு நூர்ஜஹான் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டார். மகனிடம் பேசியது, "மோட்டார் தொழில் எப்படிப் போவுது?" என்பது மட்டும்தான். மகனுக்கு அது போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸும் அவர்கள் மதுராந்தகம் போனார்கள். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அங்கேதான் இருந்தார்கள். வீடு போய்விட்டது. ஆள்கள் தப்பினார்கள். அடுத்த மாதம் எங்கள் கோயிலில் இதைச் சாட்சியாகச் சொல்ல அழைத்தார்கள். அண்ணன் மறுத்துவிட்டார். "அந்தப் பக்கம் அலைல போய்ட்டவங்க வூட்ல கேட்டா இன்னா நெனைப்பாங்க? எனக்குள்ள நான் நன்றி சொல்லிக்கிறேன்" என்றார்.

பிறகு கேளம்பாக்கத்தில் வாடகைக்குப் போனார்கள். எனக்குக் கல்யாணமாகி சென்னைக்கு வந்துவிட்டேன். ஸ்டெல்லா வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். அண்ணன் இறந்து சில வருஷம் ஆகிறது. அடக்கத்துக்கு நூர்ஜஹானின் தம்பிகள் வந்து தோள் கொடுத்தார்கள்.

ஒரு தடவை தேடிப் போனேன். சவுக்குத் தோப்பு இல்லை. மண்பாதை எங்கே பிரிந்தது என்றுகூடத் தெரியவில்லை. சாலை அகலமாகி, இரண்டு பக்கமும் மதில் சுவர்களாக நிற்கின்றன. டீக்கடைக்காரரிடம், இங்கே சாமுவேல் என்று மோட்டார் மெக்கானிக் இருந்தாரே என்று கேட்டேன். தான் வந்தே நாலு வருஷம்தான் ஆகிறது என்றார்.

அவர்கள் மகள் இப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன மாதம் போன் செய்து, "ஆன்ட்டி, அந்த நெம்மேலி வூட்ல அப்பா இருக்கற மாதிரி போட்டோ எதனா உங்ககிட்ட கீதா?" என்று கேட்டாள். இல்லை. அத்தனை வருஷத்தில் ஒரு படம்கூட யாரும் எடுக்கவில்லை, எடுக்கத் தோன்றவும் இல்லை. அவளிடம் சொன்னேன். "அப்ப சொல்லுங்க, வாசல் எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்றாள்.

கிழக்குப் பக்கம் என்று ஆரம்பித்தேன். அண்ணன் உட்காரும் இடம், அலமாரி, நூர்ஜஹானின் தையல் மெஷின் என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அந்தப் பக்கம் ஒரு தாளில் வரைந்துகொண்டிருந்திருக்கிறாள்.