இருமல் விழுந்த கேசட்

மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூட ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த இன்பசேகரன், மனசளவில் இங்கிலாந்தில்தான் குடியிருந்தார். டிசம்பர் வந்தால் ஊரெல்லாம் கிட்டாரும் டிரம்முமாக வீடு வீடாகக் கேரல் ரவுண்ட்ஸ் கிளம்பும். இவருக்கு அது சந்தைக்கடை இரைச்சல். இங்கிலாந்துக் கதீட்ரல்களில் பாடுகிறார்களே, அதுதான் பாட்டு. முதலில் ஒரு பொடியன் ஆர்கன் துணைகூட இல்லாமல் தனியாக ஆரம்பிப்பான். அப்புறம் மற்றக் குரல்கள் மெல்ல வந்து சேரும். ஒருவரை ஒருவர் முந்த மாட்டார்கள். அதைச் சொல்லும்போதே இன்பசேகரனுக்குக் கண் கலங்கிவிடும். பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்றால் கலங்காத கண் அது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ராத்திரி அந்தப் பாட்டுகள் லண்டன் ரேடியோவில் வரும். பழைய ரேடியோவில் சிற்றலையைத் திருகித் திருகிப் பிடித்து, அதன் எதிரே டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்வார். அந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டித்தான் அடுத்த வருஷம் முழுக்கச் சபைக் கொயருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். ரெக்கார்டரின் மைக் வீட்டுச் சத்தம் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் என்பதால் அந்த ஒரு மணி நேரமும் வீடு செத்த வீடு மாதிரி இருக்க வேண்டும். ஃபேன் ஓடக் கூடாது. குக்கர் ஏறக் கூடாது. பக்கத்து வீட்டில் டிவியைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சிவிட்டு வருவார்.

மனைவி தங்கம் கொட்டாம்பட்டிப் பக்கம். இங்கிலீஷ் தெரியாது. சுவரோரம் காலை மடக்கி உட்கார்ந்து அவளும் கேட்பாள். கல்யாணமான புதிதில் ஒருமுறை, “அந்தப் புள்ள என்னங்க பாடுது?” என்று கேட்டாள்.

“கேளு. பேசாத.”

அதற்கப்புறம் அவள் கேட்டாள், பேசவில்லை. பாட்டெல்லாம் முடிந்து ரெக்கார்டரை நிறுத்திய பிறகுதான் வாயைத் திறப்பாள். “இம்புட்டுக் குளிர்ல அந்தப் புள்ளைக்குத் தொண்ட கட்டாம இருக்கணும் ஆண்டவரே” என்பாள். யார் பெற்ற பிள்ளைக்கோ வருஷா வருஷம் இந்த ஜெபம். இவர்களுக்குப் பிள்ளை கிடையாது.

தொண்ணூற்றாறாம் வருஷம் மழைக்காலத்தில் தங்கத்துக்கு ஒரு இருமல் பிடித்தது. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று இன்பசேகரன் தானாகவே முடிவு கட்டி ஒரு பாட்டில் சிரப் வாங்கிக் கொடுத்தார். அந்த டிசம்பரில் அவள் பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு சுவரோரம் வந்து உட்கார்ந்தாள். பையன் தனியாகப் பாடி முடித்து, மற்றவர்கள் சேர்ந்த நேரம். அடக்கி அடக்கிப் பார்த்தும் முடியாமல் இருமிவிட்டாள்.

இன்பசேகரன் கோபத்தில் ஏதோ ஏசினார். என்ன ஏசினார் என்பது பிற்பாடு அவருக்கு நினைவில்லை. ஏசுகிறவர்களுக்கு அந்த வசதி உண்டு. கேசட்டைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் விடியற்கால ஆராதனை முடிந்ததும் கொயரில் டெனர் பாடும் கிளமெண்டின் கையில் திணித்தார். “பாழாப் போச்சுப்பா. வேணும்னா வச்சுக்க.” தங்கம் ஆக்கிவைத்த பிரியாணியை அன்று அவர் தொடவில்லை.

நுரையீரலில் கட்டி என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னபோது எல்லாம் முற்றிப்போயிருந்தது. ஈஸ்டருக்கு முன்னாலேயே அவளைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தார். அதன்பின் கொயரை நடத்தவில்லை. ரேடியோ அலமாரி மேலே ஏறிவிட்டது.

சில வருஷம் கழித்து ஒரு காலையில், காபி போட்டுக்கொண்டிருந்தவருக்குத் திடுக்கென்றது. தங்கத்தின் முகம் வந்தது. மூக்குத்தி வந்தது. குரல் வரவில்லை. எவ்வளவு முட்டிப் பார்த்தும் வரவில்லை. கல்யாணத்துக்கு வீடியோ எடுத்ததில்லை; போட்டோவில் பேச்சு கேட்காது. உலகத்தில் எங்கோ பாடுகிற குரல்களையெல்லாம் பிடித்து வைத்தவர் வீட்டுக்குள் இருந்த குரலைப் பிடித்து வைக்கவில்லை. அப்போதுதான் அந்தக் கேசட் ஞாபகம் வந்தது. இருமலாவது இருக்குமே என்று சட்டையை மாட்டிக்கொண்டு சோழவந்தான் பஸ் ஏறினார். கிளமெண்டு அங்கே வாத்தியாராக மாற்றலாகிப் போயிருந்தான்.

விஷயத்தைச் சொன்னதும் கிளமெண்டின் முகம் மாறிவிட்டது. “அது வேணாம்ணே. நல்ல பதிவா வேற தாரேன்.”

“அழிச்சுட்டியா?”

“அழிக்கலண்ணே. ஆனா...”

“இருக்குல்ல? போடுப்பா. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

கிளமெண்டு மனைவி பெர்சியைப் பார்த்தான். “கேட்டுத்தான் தீரணுமாண்ணே?” என்றாள் அவள். இவர் டேப் ரெக்கார்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெர்சி கேசட்டைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கரகரப்புக்கு நடுவே அந்தப் பையன் பாடினான். இன்பசேகரன் அவனை லட்சியம் செய்யவில்லை. சீக்கிரம் முடிடா என்றிருந்தது. மற்றவர்கள் சேர்ந்தார்கள். இருமல் வந்தது. அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது; பார்க்கவே பாவமாக இருந்தது. “தங்கம்தான்” என்றார்.

உடனே ஒரு ஆம்பிளைக் குரல், ரெக்கார்டருக்குப் பக்கத்திலிருந்து: “சனியனே, வெளிய போய்த் தொல!”

கதீட்ரலில் அவர்கள் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தார்கள். அதற்கடியில் மெதுவாக, மைக்குக்குத் தூரத்திலிருந்து அவள் குரல்.

“போறேங்க.”

கொலுசுச் சத்தம். கதவைச் சத்தம் கேட்காமல் சாத்தப் பார்த்தும் கேட்டுவிட்ட சத்தம். பிறகு பாட்டு முழுக்க, கதவுக்கு வெளியே பனியில், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருமுகிற சத்தம் விட்டுவிட்டு வந்தது.

கிளமெண்டு நிறுத்தப் போனான். இன்பசேகரன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை. பிறகு, “எனக்குத் தருவியா?” என்று கேட்டார், யாரோ ஒருவருடைய பொருளைக் கேட்கிற மாதிரி.

அந்தக் கேசட் இப்போது அவரிடம்தான் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஃபேனை நிறுத்திவிட்டுப் போட்டுக் கேட்கிறார். தங்கத்தின் குரல் அந்த ஒரு வார்த்தையில் மட்டும்தான் இருக்கிறது. அதைக் கேட்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் தன் குரலைக் கேட்டாக வேண்டும்.