முகம் தெரிந்ததோ

முதியோர் சங்கத்தார் எங்களைக் கோபன்ஹேகன் அருங்காட்சியகம் ஒன்றில் பதினேழாம் நூற்றாண்டுக் கடற்சண்டை ஓவியங்கள் பார்க்கக் கூட்டிப்போனார்கள். டென்மார்க் தோற்ற சண்டை ஒன்றுகூட அந்தச் சுவரில் இல்லை, பாவம், மறந்துவிட்டார்களாக்கும். காவலுக்கு நின்றவர் யாழ்ப்பாணத்தவர். நரைத்த மீசை, கைகளை எப்போதும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்.

கூச்சத்தோடு கேட்டேன்: "தம்பி, கப்பலெல்லாம் பெரிசு. தண்ணிக்கை தாழுற சனம் மட்டும் ஏன் எறும்பு மாதிரி?"

"அந்தச் சனம் படம் கீறினவருக்குக் காசு குடுக்கேல்லை, அக்கா."

"முகமாவது கீறியிருக்கோ?" என்று குனிந்தேன். உடனே எச்சரிக்கை மணி அலறியது. அத்தனை பீரங்கிக்கும் அசையாத படம் என் மூக்குக்குப் பயந்துவிட்டது!

மேலதிகாரி ஓடிவந்தாள். "நான்தான் கிட்டப் போனேன்," என்று காவலர் டேனிஷில் சொன்னார். இன்னொரு முறை நடந்தால் வேலை போய்விடும் என்று எச்சரித்துப் போனாள்.

அவர் மெல்லக் கேட்டார்: "முகம் தெரிஞ்சுதோ, அக்கா?"

பயத்தில் நான் ஒன்றையும் பார்க்கவில்லை.

"ஓம் தம்பி," என்றேன், "வடிவாத் தெரிஞ்சுது."