வால்வுக்காரர் வீட்டுக் குழாய்

வால்வுக்காரர் என்று சொன்னால்தான் ஊருக்குத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரை அவர் மனைவிகூட மறந்திருப்பாள். தண்ணீர்த் திட்டத்துக்குக் குழி தோண்ட வந்த கூலியாள் அவர். வேலை முடிந்து மற்றவர்கள் மூட்டை கட்டியபோது, தொட்டியையும் மோட்டாரையும் பார்த்துக்கொண்டு, தெருத்தெருவாக வால்வைத் திறந்து தண்ணீர் விட ஓர் ஆள் வேண்டும் என்று ஊரின் தண்ணீர்க் குழு கேட்டது. மாதச் சம்பளம் என்ற ஒரு சொல்லுக்கு மயங்கி மனிதர் தங்கிவிட்டார். அன்று பிடித்தது சனி.

சம்பளம் எங்கிருந்து வரும்? வீட்டுக்கு வீடு கட்டுகிற தண்ணீர்ப் பணத்திலிருந்து. அதை வசூலிப்பது யார்? அவரேதான். அதாவது, தன் சம்பளத்தைத் தானே தெருத்தெருவாகக் கையேந்தி வாங்க வேண்டும். யார் மூளையில் உதித்த ஏற்பாடோ, நன்றாக இருக்கட்டும்! முதல் வருடம் கொடுத்தார்கள். பிறகு ஆளுக்கொரு சாக்கு. பூமிக்கடியில் சும்மா கிடக்கிற தண்ணீருக்கு உனக்கு எதுக்குய்யா காசு என்று எதிர்வீட்டு லாரிக்காரர் கேட்டார். கேட்டுக்கொண்டே அதே தண்ணீரில் லாரியைக் கழுவினார்.

மூன்று மாதம் கட்டாத வீட்டின் குழாயை வெட்ட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டு வாங்கியவரும் வால்வுக்காரர்தான். யாராக இருந்தாலும் வெட்ட வேண்டும் என்று அன்று முழங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டக் காசு வேண்டாமே.

மோட்டார் பழசாகி முக்கி முனகி ஓடிய வருடத்தில், புது மோட்டாருக்குப் பணம் தருகிற அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பணம் கட்டாதவர்கள்மேல் நடவடிக்கை எடுத்ததற்கு ஆதாரம் வேண்டும், ஒரு குழாயையாவது வெட்டிப் படம் அனுப்புங்கள், இல்லாவிட்டால் மோட்டார் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். குழு கூடியது. யார் வீட்டை வெட்டுவது? லாரிக்காரர் குழுத் தலைவருக்குச் சம்பந்தி. மளிகைக் கடைக்காரர் பொருளாளருக்கு மச்சான். எந்த வீட்டைத் தொட்டாலும் யாராவது ஒரு மாமனோ பங்காளியோ முறைத்தார். யாருக்கும் உறவில்லாத வீடு ஊரில் ஒன்றே ஒன்றுதான். அந்த வீட்டிலும் தண்ணீர்ப் பணம் பாக்கிதான். மாதக்கணக்கில் சம்பளமே வராதவர் எதைக் கொண்டு கட்டுவார்?

வால்வுக்காரருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. எனக்குத் தர வேண்டிய சம்பளத்தில் கழித்துக்கொள்ளுங்களேன் என்றார். அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு என்றார் பொருளாளர். வீட்டில் மகள் பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகவில்லை, குளிக்கவும் கக்கூஸ் போகவும் தண்ணீர் இல்லாமல் பச்சை உடம்புக்காரி என்ன செய்வாள் என்று கேட்டார். அதுவரை அவரை நீ, வா, போ என்றே பேசிவந்த தலைவர் எழுந்து வந்து தோளில் கை போட்டார்.

"நீங்க நம்ம ஆளு. அதனாலதான் உரிமையா கேக்கறோம். ஒரே வாரம். மோட்டார் பணம் வந்ததும் முதல்ல உங்க சம்பளம், அப்புறம்தான் மத்ததெல்லாம்."

அத்தனை வருடத்தில் அந்த ஊரில் ஒருவர்கூட அவரை நம்ம ஆள் என்று சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு விழுந்தார், ஏமாளி. தன் வாசலில் குந்தி, தான் பதித்த குழாயைத் தானே வெட்டி, முனையில் மூடி போட்டு முறுக்கினார். முகம் தெரியாமல் குனிந்துகொள்ளச் சொல்லித் தலைவர் படம் எடுத்தார். பேரக்குழந்தையின் துணி ஊறிய வாளியோடு மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஊர்ல ஒருத்தன் குழாயை வெட்டத் துப்பில்ல. சொந்த வீடுன்னா மட்டும் கை நீளுது."

மோட்டார் வந்தது. சம்பளம் வரவில்லை. அந்தப் பணத்தில் மோட்டார் மட்டும்தான் வாங்கலாமாம். சரி, குழாயையாவது மாட்டிக்கொள்கிறேன் என்றார். அதற்கும் விதி இருந்தது: பாக்கியை முழுதாகக் கட்டி, மறுபடி இணைப்பதற்கும் தனியாகக் கட்ட வேண்டும். "யாரா இருந்தாலும்னு நீதானய்யா அன்னிக்குச் சொன்னே" என்று தலைவர் சிரித்தார். மரியாதை பழையபடி இறங்கிவிட்டது. ஸ்பேனர் வால்வுக்காரர் கையில்தான் இருக்கிறது, யாருக்கும் தெரியாமல் மாட்டிவிடலாம். பிடிபட்டால் வேலை போகும். வர வேண்டிய சம்பளமும் அதோடு போகும். ஸ்பேனரை மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மனைவி குடத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். ஒரு வருடமாகச் சல்லிக்காசு கட்டாத அதே லாரிக்காரர் வீட்டுக்கு. வால்வுக்காரர் ஜன்னலோரம் நின்று கேட்டார். லாரிக்காரர் மனைவி குடம் வழிய வழியப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். நல்ல மனசுக்காரிதான், பொய் சொல்லக்கூடாது.

"பச்சக் குழந்தை இருக்கற வீடு. தண்ணிக்குப் போய் யாராவது கணக்குப் பாப்பாங்களா? தெனமும் வந்து புடிச்சுக்க. உன் வீட்டுக்காரர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லு, நம்ம தெருவுக்கு அரை மணி கூட விடச் சொல்லு. ரெண்டு வீட்டுக்குப் புடிக்கணும்ல?"

மறுநாள் வால்வுக்காரர் அரை மணி கூடவே விட்டார். இரண்டு வீட்டுக்கும் தாராளமாக வந்தது. லாரியையும் கழுவிக்கொண்டார்கள்.